லாம் சார்

தம்பிக்கு 'லாம் சார்' என்று பெயர் வைத்தவர் மேல் வரிசை ரொட்டிக்கடைக்காரர். வைத்த அன்றே அது பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட ஒருமுறை வாய் தவறி, "லாம் சார் வீடு இதுதானே?" என்று அக்காவிடமே கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா கவரை வாங்கிக்கொண்டு, "இதேதான்" என்றாள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் உள்ளேயிருந்து தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டதும் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அக்கா என்றால் தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை, தெருவுக்கே அக்கா. அவளைவிட மூத்தவரான ரொட்டிக்கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் எடுத்த காஜாவில் பொத்தான் நிற்கவில்லை என்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. அப்பா இறந்த வருஷம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். தன் புத்தகங்களுக்குப் புது அட்டை போட்டுத் தம்பிக்கு எடுத்து வைத்தாள்.

தெரு மலைச்சரிவில் இரண்டு வரிசையாக இருந்தது. கீழ் வரிசைக்குப் பின்னால் சாலை. மேல் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை. கொல்லைக் கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் புதர், அதற்கு மேல் செங்குத்தாக மண். அக்காவின் வீடு மேல் வரிசையில் நடுவில் இருந்தது.

கல்லூரிக்குப் போகிற வயதில் தம்பி புவியியல் எடுக்கப் போவதாகச் சொன்னபோது அம்மா, "அதுக்கு என்ன வேலை குடுப்பாங்க?" என்று கேட்டாள். அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. புவியியல் என்றால் அவளுக்குத் தலைநகரங்கள். எட்டாம் வகுப்பில் அதில் அவள் கெட்டி. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, "தலைநகரம்?" என்றாள்.

தம்பி முழித்தான்.

"தலைநகரம் தெரியாதவனுக்கா சீட்டு குடுத்தாங்க?"

"அதெல்லாம் அட்லஸ்ல இருக்குக்கா. அதை நான் எதுக்குத் தலைக்குள்ள தூக்கிட்டுத் திரியணும்?"

"அப்ப என்னதான்டா படிப்பே?"

அவன் மூலையில் அடுக்கியிருந்த சீருடை மூட்டைகளைக் காட்டினான். "உங்கிட்ட துணி எங்கிருந்தெல்லாம் வருது?"

"நம்ம தெரு. கடைவீதி. ஸ்கூல் பக்கம்."

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து?"

"அங்கிருந்து யாரு வரப்போறா? பாலத்தைச் சுத்திட்டு வரணும்."

"பாலம் ஏன் அங்க இருக்கு, இங்க இல்ல?"

அக்கா யோசித்தாள். "இங்க கரை மண்ணு. அங்கதான் பாறை."

"அவ்வளவுதான்க்கா படிப்பு. எங்கே இருக்கு, ஏன் அங்கே இருக்கு, அதனால பக்கத்துல என்ன ஆச்சு. பாறை இருக்கிற இடத்துல பாலம் வந்துச்சு, பாலம் வந்த இடத்துல கடை வந்துச்சு, உனக்கு அந்தப் பக்கத்துத் துணி வராமப் போச்சு. பாறை வரைக்கும் ஒரு கிளை, இயற்கைப் புவியியல். உன் துணி மூட்டை இன்னொரு கிளை, மானிடப் புவியியல்."

தன் துணி மூட்டைக்குப் படிப்பில் ஒரு கிளையே இருக்கிறது என்பதை அக்கா அதற்குப் பிறகு மறக்கவேயில்லை. அளவு கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு கிளைகளையும் விளக்கினாள். மலை, மண், தண்ணீர், காற்று ஒன்று. மனுஷர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே என்பது இன்னொன்று. அக்குளுக்கு அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் ஓடவா முடியும்? கேட்டுத் தொலைத்தார்கள்.

தம்பி படித்து முடித்தான். பேருந்தில் போகிற தூரத்தில் இருந்த நகரக் கல்லூரியிலேயே ஆசிரியர் ஆனான். அங்கே ஓர் அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவான். இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்தது, போனது, போனதோடு சரி. அம்மாவும் காலமானாள். அக்கா தைத்தாள், தம்பி பாடம் எடுத்தான், சனிக்கிழமை இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவன் சட்டைக் காலரை அவள் திருப்பித் தைத்துக் கொடுப்பாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் மாணவர்கள் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்ப்பது அவளுக்குப் பிடித்த வேலை.

ஒரு மழைக்காலத்தில் கொல்லைக் கதவு பிடித்துக்கொண்டது. அக்கா தச்சரை வரச் சொல்லியிருந்தாள்.

"போன வருஷமும் இழைச்சோமே?" என்றான் தம்பி.

"மழைக்கு மரம் ஊதும்டா. இது தெரியாதா?"

"ஊதினா சுத்திப் பிடிக்கணும். இது மேல் மூலையில மட்டும் பிடிக்குது பாரு." கதவைத் தள்ளினான், இழுத்தான், நிலைச்சட்டத்தில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

அன்று முழுக்க அவன் வீடு வீடாக ஏறி இறங்கினான். கதவு பிடிக்கிறதா, எந்த மூலையில், எந்த வருஷத்திலிருந்து, தரையில் போட்ட கோலிக்குண்டு எந்தப் பக்கம் உருள்கிறது. ஜனங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காலேஜ்ல சம்பளம் கட்டுபடி ஆகலபோல, சார் தச்சு வேலைக்கு இறங்கிட்டாரு" என்றார் ரொட்டிக்கடைக்காரர். இருந்தாலும் தன் வீட்டுக் கதவையும் தள்ளிக் காட்டினார். அதுவும் மேல் மூலையில்தான் பிடித்தது.

தம்பி தெருவின் படம் ஒன்றை வரைந்து, பிடிக்கிற கதவுள்ள வீடுகளுக்கு மட்டும் சிவப்பு அடித்தான். அக்கா எட்டிப் பார்த்தாள். சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவில்லை. மேல் வரிசையின் நடுவில் ஒரு வில் மாதிரி வளைந்து நின்றது. மலையின் படத்தை அதற்கு மேல் வைத்தான். சம உயரக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டை விரல் ரேகை மாதிரி ஓடின. "கோடு நெருங்கின இடம் செங்குத்து. விலகின இடம் சமம். இந்த இடத்துல பாரு, நெருங்கி வந்த கோடு திடீர்னு வயிறு தள்ளி நிக்குது. மலைக்கு இங்க தொப்பை விழுந்திருக்குக்கா."

மறுநாள் புதரை விலக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். தொப்பைக்கு மேலே, புல்லுக்கு அடியில், மண் பிறை மாதிரி வெடித்திருந்தது. தம்பி வெடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முளை, இந்தப் பக்கம் ஒரு முளை அடித்தான். நடுவில் உள்ள தூரத்தை அளக்க அக்கா தன் நாடாவை நீட்டினாள்.

"இது வேண்டாம். துணி நாடா நாளாக நாளாக நீளும். அப்புறம் மலை நகர்ந்ததா நாடா நகர்ந்ததான்னு நமக்கே தெரியாது." இரும்பு நாடா வாங்கி வந்தான். வாரா வாரம் அளந்து, கொல்லைக் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதினான். தச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டான். "கதவை இனிமே இழைக்காதே. அதுவும் ஒரு அளவுகோல்தான்."

அளவு ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்து ஹாலில் தெருக் கூட்டம் போட்டார்கள். தம்பி படங்களை மாட்டி, கதவிலிருந்து ஆரம்பித்து மலை வரைக்கும் பொறுமையாகச் சொன்னான். கடைசியில், "பெரிய மழை தொடர்ந்து பெய்தால் விழலாம்" என்று முடித்தான்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். "லாம்னா என்ன சார்? சாப்பிடலாம், தூங்கலாம், விழலாம். மலை உங்ககிட்ட வந்து, 'சார், நான் விழலாமா'ன்னு அனுமதி கேட்டுச்சா?"

ஹால் அதிர்ந்தது. தம்பியும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும், "நான் அனுமதி குடுக்கல. ஆனா மறுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல" என்றான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் 'லாம் சார், லாம் சார்' என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த மழைக்காலம் வேறு மாதிரி வந்தது. வானம் வெளுக்கவே இல்லை. ஒரே வாரத்தில் முளைகளுக்கு நடுவே இரண்டு விரற்கடை விலகியது. தம்பி விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். மறுபடியும் கூட்டம். இந்த முறை நகராட்சி அதிகாரியும் வந்திருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க சார். விழுமா, விழாதா? லாமை வச்சு நான் ஆர்டர் போட முடியாது" என்றார்.

ஓடு போட்ட கூரையில் மழை கொட்டியது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான். பிறகு, "விழும்" என்றான். அவன் பாடம் எடுக்கிற குரல் இல்லை அது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

அன்றே மேல் வரிசை காலியாகி ஹாலுக்கு வந்தது. ரொட்டிக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பிசைந்த மாவை அள்ளிக் கொட்டினார். ஏற்கெனவே மூச்சிழுப்புள்ள தன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு வந்து ஹாலின் ஓரத்தில் படுக்க வைத்தார். சிமெண்ட் தரை, எத்தனை போர்வை விரித்தாலும் ஈரம் ஏறியது. அக்கா சீருடைத் துணியை மடித்து மெத்தை மாதிரி போட்டுக் கொடுத்தாள். கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மலை விழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தார். இன்னும் இல்லை என்றாள். வாரம் முடிவதற்குள் அவர் மூச்சு நின்றுபோனது.

அதற்கு மறுநாள் வெயில் அடித்தது. மலை குளித்துத் தலை துவட்டிய மாதிரி பச்சையாக நின்றது. ஒரு பிடி மண் விழவில்லை.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு ரொட்டிக்கடைக்காரர் நேராக இவர்கள் வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று அக்கா பயந்தாள். அவர் கத்தவில்லை. "அப்பா படுத்திருந்த கட்டில் அங்கேயேதான் இருக்கு சார். மலை அதைத் தொடக்கூட இல்ல" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி கொல்லைக் கதவடியில் உட்கார்ந்துவிட்டான். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆடை படிகிற வரைக்கும் அது அப்படியே இருந்தது.

"அளவு பொய் இல்லக்கா. நகர்ந்தது நிஜம். விழலாம்னுதான் அளவு சொல்லுச்சு. நடுவுல இருந்த லாவை நான் முழுங்கிட்டேன்."

"நல்லதுக்குத்தானே முழுங்கினே."

"நல்லதுக்குன்னாலும் அது என் வார்த்தை. அளவோட வார்த்தை இல்ல."

அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருவில் 'விழும்' என்று எதைப் பற்றியும் சொன்னதில்லை. சாயங்காலம் மழை வருமா என்று கேட்டால்கூட, "வரலாம்" என்பான். ஆனால் கேட்பதற்கு ஆட்கள் குறைந்துபோனார்கள். அக்காவிடம் துணி கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கடைவீதித் தையற்காரரைத் தேடிப் போனார்கள். சனிக்கிழமை தம்பி இரும்பு நாடாவோடு மேலே ஏறும்போது, யாராவது ஜன்னலுக்குள்ளிருந்து, "சார், மலை சௌக்கியமா?" என்பார்கள். அவன் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவான்.

ஒருநாள் மத்தியானம் கொல்லையில் துணி காயப்போடும்போது அக்கா மலையை நிமிர்ந்து பார்த்து, "விழுந்துதான் தொலையேன்" என்றாள். வாய்விட்டே சொல்லிவிட்டாள். பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"யாரு வீட்டு மேலக்கா?"

அவள் திரும்பினாள். ரொட்டிக்கடை வீட்டுக் கொல்லையில் ஒரு கைக்குழந்தை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு நீ தப்புன்னு யாரும் சொல்லக் கூடாதுடா. அவ்வளவுதான்."

"நான் தப்பாவே இருந்துட்டுப் போறேனே. இதுல அதைவிட நல்ல முடிவு எதுவும் இல்லக்கா." அவள் தோளில் தொங்கிய ஈரத்துணியை எடுத்து அவனே கொடியில் போட்டான்.

அந்த வருஷக் கடைசியில் அவன் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். நகரத்து மருத்துவமனையில் ஜன்னல் ஓரத்துக் கட்டில் கிடைத்தது. சனிக்கிழமைகளில் அக்கா தனியாக மலையேறி அளந்துவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து அங்கே போவாள். அவள் ஸ்டூலில் உட்காருவதற்கு முன்பே அவன் கேட்பான்.

"எவ்வளவு?"

சொல்வாள்.

"நாடாவை இழுத்துப் பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

"ரெண்டு தடவை எடுத்தியா?"

"மூணு தடவை எடுத்தேன்டா. எட்டாங்கிளாஸ்னாலும் எனக்கு அளக்கத் தெரியும்."

அவன் சிரிப்பான். சிரித்தால் வலிக்கும், வலிக்கிறது என்று தெரியாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். உடம்பு துணி மாதிரி சுருங்கிக்கொண்டே வந்தது. அவள் தைத்த சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்தும் தொளதொளவென்றுதான் இருந்தது. மூன்றாம் முறை அவள் ஊசியை எடுக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை அவன் அளவைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யார்கிட்டயாவது சொல்ல வேண்டி வந்தா லாமோட சொல்லுக்கா" என்றான். சற்றுப் பொறுத்து, "கதவை இழைச்சிடாதே" என்றான்.

அவனை அடக்கம் செய்த அன்று அவன் மாணவர்கள் ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். தெருவிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம்தான். ரொட்டிக்கடைக்காரர் வரவில்லை. ஆனால் வண்டி அவர் கடையைத் தாண்டும்போது ஷட்டர் பாதி இறக்கியிருந்தது; அதற்குக் கீழே அவருடைய மாவு படிந்த செருப்புகள் அசையாமல் நின்றதை அக்கா பார்த்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் வானம் மறுபடியும் வெளுக்க மறந்தது. அக்கா புதரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினாள். மூன்று முறை அளந்தாள். அன்றைக்குப் போலவே ஒரே வாரத்தில் இரண்டு விரற்கடை. நான்காம் முறையும் அளந்துவிட்டு, ஈரத் துணியைக்கூட மாற்றாமல் ரொட்டிக்கடைக்குப் போனாள்.

அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அளவைச் சொன்னாள்.

"விழுமா?"

அவள் நாடாவைச் சுருட்டினாள்.

"இங்க பாருங்கக்கா. லாம் எல்லாம் போடாதீங்க. விழும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே தெருவைக் கிளப்பிட்டுப் போறேன். நான் சொன்னா கேப்பாங்க. சொல்லுங்க."

ஒரே ஒரு எழுத்து. அதை விழுங்கினால் மேல் வரிசை முழுவதும் கிளம்பிவிடும். பிறகு மலை விழுந்தால் தம்பியின் பெயர் நிமிரும். அந்த நினைப்பு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழாவிட்டால்? அதற்கப்புறம் எந்த மழையிலும் எந்த அளவையும் யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் அவளைத் தடுத்தது அந்தக் கணக்குகூட இல்லை. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் கிடந்தபடி, 'லாமோட சொல்லுக்கா' என்று அவன் கேட்டுக்கொண்டதுதான்.

"விழலாம்" என்றாள். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும்."

ரொட்டிக்கடைக்காரர் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார். "அப்பாவுக்கு அதுக்கு முன்னாடியே முடியல. அது எனக்குத் தெரியாதா? யார் மேலயாவது தூக்கிப் போடணும்னு இருந்துச்சு, போட்டேன்." தட்டை அடுக்கில் வைத்தார். "லாமுக்கெல்லாம் என்னால அடுப்பை அணைக்க முடியாதுக்கா. நீங்க போங்க."

அக்கா மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாக ஹாலுக்குப் போனாள். அந்தப் பெரிய ஹாலில் மெஷின் ஓடுகிற சத்தம் அவளுக்கே பயமாக இருந்தது. சாயங்காலம் வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, இடுப்பில் பேரக்குழந்தையும் தலையில் மூட்டையுமாக நின்றாள். பின்னால் கடைப் பையன் ஒரு கட்டிலைச் சுமந்துகொண்டு நின்றான்.

"அவர் வரலக்கா. எங்களை மட்டும் போகச் சொன்னாரு. போறப்ப கட்டிலையும் தூக்கிட்டுப் போன்னாரு, தரை ஈரம் ஆகாதாம்."

அந்தக் கட்டில் எந்தக் கட்டில் என்று அக்காவுக்குத் தெரிந்தது. ஒரு முனையைப் பிடித்து உள்ளே போட உதவினாள். அவர்களுக்குப் பின்னால், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இன்னும் சில வீடுகள் வந்தன. காலையில் ரொட்டிக்கடைக்காரர் கூடையில் ரொட்டி கொண்டுவந்து வாசற்படியில் வைப்பார். ஹாலுக்குள் கால் வைக்கமாட்டார். அப்பா படுத்திருந்த மூலையை அங்கிருந்தே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

மழை நின்றது. மலை விழவில்லை. எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். இந்த முறை யாரும் அக்காவின் வாசலுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. மலை இன்னும் நிற்கிறது. ஓயாமல் பெய்து, மேல் வரிசை ஜனங்கள் மூட்டை கட்ட ஆரம்பிக்கிற மழைக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் வந்துவிட்டது. சாதாரண மழையை மழை என்பார்கள். அதை மட்டும் 'லாம் மழை' என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒருத்தி அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நிற்கும்போது, "லாம்னா இந்த ஊர்ப் பழைய வார்த்தையாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் அக்கா. நாடா அவள் விரலிடுக்கில் நின்றுவிட்டது.

அவன் இருந்திருந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரைக்கும் அப்படிச் சொல்கிறார்கள், ஏன் அங்கே மட்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து படம் போட்டிருப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் மெஷினை மூடிவிட்டு அக்கா மேலே ஏறினாள். அளந்தாள். இறங்கி வந்து கதவின் உள்பக்கத்தில், அவன் எழுத்து முடிந்து தன் எழுத்து தொடங்கி வெகு கீழே வந்துவிட்ட வரிசையில், குனிந்து எழுதினாள். பிறகு கதவைச் சாத்தப் போனாள். மேல் மூலையில் பிடித்துக்கொண்டது. தோளைக் கொடுத்து, எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி, மெதுவாகத் தள்ளினாள்.